காலை 8.30: மலை உச்சியிலும் கரிசக்காட்டிலும் ஒரே நேரத்தில் நடக்கும் ஒரு வேலை

ஐப்பசி பிறந்துவிட்டால் குளத்தூர் பக்கம் டீக்கடையில் முதல் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி எத்தனை?"

எத்தனை என்றால் எத்தனை மில்லிமீட்டர் மழை. விளாத்திகுளம் வட்டத்தில், கடலுக்கும் கரிசலுக்கும் நடுவில் கிடக்கிற இந்த ஊரில் ஆறு பாய்கிற வயல் இல்லை. மானாவாரிதான். உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம், மிளகாய், கொத்தமல்லி என்று எதைப் போட்டாலும் வானம் கொடுத்தால் உண்டு. ஒன்பது மணிவாக்கில் மாவட்ட நிர்வாகத்தின் மழைப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து விழும். விளாத்திகுளம், வைப்பார், சூரங்குடி, காடல்குடி, கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் என்று பெயர்களும் பக்கத்தில் எண்களும் இருக்கும். குளத்தூர்ச் சம்சாரியின் கண் நேராக வைப்பாருக்கும் சூரங்குடிக்கும் போகும்.

பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியின் பட்டியலும் கூடவே வரும். அதில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று மலைமேல் உள்ள பெயர்கள். கீழே பூஜ்யம் விழுந்த நாளில்கூட அங்கே இரட்டை இலக்கம் நிற்கும். "மேக்க மலையில கொட்டுதாம்லா" என்று ஒருவர் சொல்வார். "அங்க கொட்டி நமக்கென்ன?" என்று இன்னொருவர் கேட்பார்.

இந்த இரண்டு பட்டியலுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. மலையோ தரையோ, அந்த எண்கள் எல்லாம் காலை 8.30 மணிக்கு எடுக்கப்பட்டவை. அந்த நேரத்துக்கு ஒரு ஆள் அங்கே இருந்தாக வேண்டும். மேடான இடத்தில், பனிமூட்டத்திலும் காற்றிலும் அந்த ஆள் செய்கிற வேலைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அந்தக் கதையில் கரிசல் பூமிக்கும் பங்கு உண்டு.

8.30 எதற்கு?

உலக வானிலை நிலையங்கள் எல்லாம் கிரீன்விச் நேரத்தை அடிப்படையாக வைத்து ஒரே நொடியில் அளவெடுக்கின்றன. கிரீன்விச்சில் அதிகாலை 3 மணி என்றால் இந்தியாவில் காலை 8.30. நேற்று 8.30-லிருந்து இன்று 8.30 வரை பெய்த மழை, இன்றைய தேதியில் எழுதப்படும். 8.25-க்குப் பெய்தால் இன்றைய கணக்கு, 8.35-க்குப் பெய்தால் நாளைய கணக்கு. "நேத்து சாயங்காலம் பெஞ்ச மழைய இன்னைக்குப் போட்டிருக்கான்" என்று டீக்கடையில் வரும் சண்டைக்குக் காரணம் இதுதான்.

மழைமானி என்பது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. வாய் விரிந்த புனல், அடியில் ஒரு பாட்டில், அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. இந்திய வானிலைத் துறை பரவலாகப் பயன்படுத்தும் மானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். அதில் 20 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. மானியின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருக்கக் கூடாது. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது 'மழை நாள்'. அளக்க முடியாத அளவு தூத்தல் என்றால் அதற்கும் பதிவேட்டில் தனியாக ஒரு குறிப்பு உண்டு.

இந்த மில்லிமீட்டரைச் சம்சாரியின் கணக்குக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கருக்கு 4,047 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் வந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். எட்டு டேங்கர் லாரித் தண்ணீர். கரிசல்காட்டில் இதை 'உழவு மழை' என்பார்கள். ஏர் இறங்கும் அளவுக்கு ஈரம். அதற்குக் கீழே வந்தால்தான் சிக்கல்.

சிக்கல் இப்படி வரும். பருவமழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவது இங்கே உள்ள வழக்கம். 1901-ல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும், விதையைக் கடினப்படுத்தி முன்பருவத்தில் விதைப்பதைப் பரிந்துரைத்து வந்திருக்கிறது. முதல் மழையே நல்ல மழையாக இறங்கினால் பயிர் முந்திக்கொள்ளும். ஆனால் ஏழெட்டு மில்லிமீட்டரோடு நின்றுவிட்டால், விதை ஆசைப்பட்டு முளைத்து, அடுத்த பத்து நாள் வெயிலில் கருகும். மறுபடியும் விதை வாங்க வேண்டும், மறுபடியும் உழவுக்கூலி. ஏழுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் தொங்குகிறது. அதனால்தான் "எத்தனை?" என்ற கேள்வி.

மலை தடுத்து வாங்கிக்கொள்ளும் மழை

ஆனி, ஆடியில் மேக்காத்து அடிக்கும். அரபிக்கடலில் ஈரம் அள்ளிவரும் அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தால் ஈரம் மழையாக உதிரும். கேரளச் சரிவிலும் மலை உச்சியிலும் கொட்டித் தீர்த்துவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று சூடாகி உலர்ந்துபோகும். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவது அந்தக் காற்றுதான். காற்றாலைக்குப் போதும், கம்பங்கொல்லைக்கு உதவாது.

விளைவு இது. மாஞ்சோலை மலைப்பகுதியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் மில்லிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியோ 650 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காத்தோடு வங்கக்கடல் பக்கமிருந்து வருவது. பொதிகையில் பெய்த மழை தாமிரபரணியாகி, சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாகக் கோவில்பட்டிக்குக் குடிதண்ணீராக வருகிறது. குடத்துக்கு வருகிறது, காட்டுக்கு வருவதில்லை.

ஆக, மலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை இந்தச் சமவெளிக்காரர்களுக்கு எப்போதும் உண்டு. அந்த ஆசையைக் கருவிகளோடு மலைமேல் ஏற்றிய முதல் முயற்சிகளில் ஒன்று, இதே பொதிகையில்தான் நடந்தது.

பொதிகை உச்சியில் ஒரு ஆய்வுக்கூடம்

குளத்தூரிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே போனால் அகத்தியர் மலை. உயரம் சுமார் 1,868 மீட்டர். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையில் கூம்பாக நிற்கும் பாறை. இன்றைக்கும் வனத்துறை அனுமதியோடு நடந்து ஏறுகிறவர்கள், கடைசிப் பாறையில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள்.

1855-ல் அந்த உச்சியில் ஒரு வானிலை, காந்தப்புல ஆய்வுக்கூடம் இயங்கத் தொடங்கியது. அமைத்தவர் ஜான் ஆலன் புரூன். ஸ்காட்லாந்துக்காரர். திருவிதாங்கூர் மன்னரின் திருவனந்தபுரம் வான் ஆய்வகத்துக்கு இயக்குநராக 1852-ல் வந்து சேர்ந்தவர். ஊரில் கடல் மட்டத்துக்கு அருகே எடுக்கும் அளவையும், அதே நேரத்தில் ஆறாயிரம் அடி உயரத்தில் எடுக்கும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

யோசிப்பது சுலபம். யானையும் புலியும் நடமாடும் காட்டில் முதலில் பாதை வெட்ட வேண்டும். கட்டடத்துக்கான பொருளையும், உடைந்தால் மாற்று கிடைக்காத கண்ணாடிக் கருவிகளையும் ஆள்தோளில் ஏற்ற வேண்டும். பாதரசம் நிரப்பிய காற்றழுத்தமானியைச் சாய்க்காமல் குலுக்காமல் செங்குத்துப் பாறையில் கொண்டுபோவது எப்படி இருந்திருக்கும் என்று, அந்தப் பாறையில் வெறுங்கையோடு ஏறியவர்களைக் கேட்டால் தெரியும். ஏறிய பிறகு குளிர், மூடுபனி, காய்ச்சல். புரூன் சில நாள் இருந்துவிட்டு இறங்கிவிடலாம். அங்கேயே தங்கி மணிக்கு மணி அளவெடுத்தவர்கள், திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்கள். நூலில் அட்டைப் பெயர் புரூன் என்றாலும், எண்களை எழுதிய கைகள் பெரும்பாலும் அவர்களுடையவை.

அங்கே பார்த்த விஷயங்களில் ஒன்று காற்றழுத்தத்தின் தினசரி ஏற்ற இறக்கம். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம். மாலை 4, அதிகாலை 4 வாக்கில் தாழ்வு. கடலில் வரும் ஓதம் மாதிரி காற்றுக்கும் ஓர் ஓதம். மலை உச்சியில் அது எப்படி மாறுகிறது என்பதை அறிய, மலையின் வெவ்வேறு உயரங்களில் ஒரே நேரத்தில் மானிகளை வைத்துப் பார்த்தார்கள். பூமியின் காந்தப்புலம் நாளுக்கு நாள் மாறுவது ஒரு ஊரோடு நிற்பதில்லை, உலகம் முழுக்க ஒன்றாக நடக்கிறது என்று புரூன் காட்டியதிலும் திருவனந்தபுரத்து அளவுகளுக்குப் பங்கு உண்டு.

ஆய்வுக்கூடம் நீடிக்கவில்லை. புரூன் ஐரோப்பா போயிருந்த இடைவெளியில் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. திரும்பி வந்து 1863-ல் மறுபடி கட்டினார். 1865-ல் அவர் வேலையை விட்டுப் போன பிறகு மலை மறுபடியும் காட்டின் கைக்குப் போனது.

வேறு ஊர்களின் மலைகள்

அப்போது இது உலகம் முழுக்க இருந்த பசி. பலூனில் கருவி கட்டி அனுப்பும் பழக்கம் இல்லை. விமானம் இல்லை, செயற்கைக்கோள் இல்லை. மேல்காற்றைத் தொட ஒரே ஏணி மலைதான்.

ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் என்று ஒரு மலை, 1,345 மீட்டர். கிளெமென்ட் ரேக் என்பவர் 1881 கோடையில் தினமும் விடியற்காலையில் அதில் ஏறி அளவெடுத்துவிட்டு இறங்கினார். அதே நேரத்தில் அடிவாரத்தில் கடல் மட்டத்தில் அளவெடுத்தவர் அவர் மனைவி. மலைமேல் ஒருவர், கீழே ஒருவர், கடிகாரம் ஒன்று. இதைப் பார்த்துத்தான் 1883-ல் உச்சியில் நிரந்தர ஆய்வுக்கூடம் எழுந்தது. பகல் இரவு பாராமல் மணிக்கொரு அளவு. பனி வாசலை மூடிவிடும் என்பதால் கட்டடத்தின் கோபுரத்தில் வேறொரு கதவு வைத்தார்கள். 1904-ல் காசு இல்லாமல் மூடினார்கள்.

ஆனால் பதிவேடுகள் இருந்தன. 2017-ல் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து அந்தக் கையெழுத்து எண்களைக் கணினியில் ஏற்றினார்கள். நூறாண்டுக்கு முன் பென் நெவிஸில் எவரோ விரல் விறைக்க எழுதியது, இன்று பழைய புயல்களை மறுபடி உருவாக்கிப் பார்க்க உதவுகிறது. 1894-ல் அங்கே இரண்டு வாரம் தற்காலிக வேலைக்குப் போன சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர், மேகத்தில் ஒளி செய்த வித்தையைப் பார்த்து மயங்கி, அதை ஆய்வகத்தில் செய்து பார்க்கப்போய் 'மேக அறை' கருவியைக் கண்டுபிடித்தார். 1927-ல் நோபல் பரிசு. மலை வேலைக்கு இப்படியும் ஒரு கூலி கிடைத்தது.

பஞ்சம் ஏற்றிய மலை: கொடைக்கானல்

தமிழ்நாட்டில் இன்றும் வேலை நடக்கும் மலை ஆய்வகங்களில் ஒன்று கொடைக்கானல். சுற்றுலா போகிறவர்கள் "அப்சர்வேட்டரி" என்று பஸ் நிறுத்தத்தின் பெயராகத்தான் தெரிந்துவைத்திருப்பார்கள். அது எப்படி அங்கே வந்தது என்பதில் மானாவாரி மண்ணின் சோகம் ஒன்று கலந்திருக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்த பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பல லட்சம் பேர் செத்தார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம், இருந்த தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஆட்சி இன்னொரு காரணம். ஆட்சியைப் பற்றிப் பேசுவதைவிடச் சூரியனைப் பற்றிப் பேசுவது அன்றைய அதிகாரிகளுக்கு வசதியாக இருந்தது என்று சொன்னால் தப்பில்லை. அரசின் புள்ளிவிவரத் துறையில் இருந்த வில்லியம் ஹண்டர் 1877-ல் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார்: சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, சென்னையின் மழையும் அதோடு சேர்ந்து கூடிக் குறைகிறது, ஆகவே பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அப்படியானால் சூரியனைத் தினமும் பார்க்க ஓர் இடம் வேண்டும். சமவெளியின் புழுதிக்கு மேலே, உயரத்தில் வேண்டும். மிச்சி ஸ்மித் என்ற பேராசிரியர் நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் பார்த்தார். கொடைக்கானல் தேர்வானது. 1895-ல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-ல் பழைய சென்னை வான் ஆய்வகத்தின் வேலை இங்கே மாறியது. உயரம் 2,343 மீட்டர். 1971 வரை இது இந்திய வானிலைத் துறையின் கீழ் இருந்தது. அதன்பின் சூரிய ஆய்வு, இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கைக்குப் போனது.

ஹண்டர் கணக்கு பலித்ததா? இல்லை. கரும்புள்ளியை வைத்துப் பருவமழையைச் சொல்ல முடியவில்லை. 1904 முதல் 1924 வரை வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் உலகம் முழுக்கக் குவிந்த அளவுகளைத் துழாவி, இந்திய மழைக்குத் துப்பு வேறிடத்தில் இருப்பதைக் கண்டார். பசிபிக் கடலின் இரண்டு பக்கமும் காற்றழுத்தம் தராசுத் தட்டு மாதிரி ஏறி இறங்குவது அது. இன்று எல் நினோ என்று நாம் பேசுவதன் காற்றுப் பக்கம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எல் நினோ வந்தால் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பொதுவாகக் குறையும். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ பொதுவாகக் கூடும். தொலைக்காட்சியில் "எல் நினோ, வறட்சி அபாயம்" என்று ஓடும்போது குளத்தூர்ச் சம்சாரி கொஞ்சம் பொறுத்துத்தான் கவலைப்பட வேண்டும்.

கணக்குப் பலிக்கவில்லை என்பதற்காக வேலையை நிறுத்தவில்லை. சூரியனைத் தினமும் படம் எடுக்கும் வழக்கம் 1904-ல் தொடங்கி இன்றுவரை வருகிறது. மேகம் விட்டால் படம், விடாவிட்டால் அன்றைக்குக் காலி. நூறாண்டுக்கு மேல் ஒரே இடத்திலிருந்து சூரியனைப் பார்த்த இத்தகைய தொகுப்பு உலகில் மிகச் சிலவே உள்ளன. பஞ்சத்தைச் சொல்லக் கட்டினார்கள். பஞ்சத்தைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னது.

ஒரு ஷிப்டில் என்னென்ன வேலை?

மலை வானிலை நிலையத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்? முழுநேர நிலையம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு: அதிகாலை 5.30, காலை 8.30, 11.30, பிற்பகல் 2.30 என்று சுற்றி வரும். தீபாவளி, பொங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஷிப்டு மாறும், நேரம் மாறாது.

அளவுக்குப் பத்து நிமிடம் முன்னால் அப்சர்வர் வெளியே வருவார். முதலில் வானம். வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மேகம், எந்த வகை, எவ்வளவு உயரம் என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். இதற்குக் கருவி கிடையாது. இரவு என்றால் விளக்கிலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகும்வரை நிற்க வேண்டும். சமவெளியில் மேகம் தலைக்கு மேலே இருக்கும். மலையில் பல நேரம் அப்சர்வரே மேகத்துக்குள் நிற்பார். வானமே தெரியவில்லை என்றால் அதற்கென்று ஒரு எண், 9.

அடுத்தது ஸ்டீவன்சன் பெட்டி. ஜன்னல் சட்டம் போல் சாய்பலகை அடித்த வெள்ளை மரப்பெட்டி, காற்று உள்ளே போகும், வெயில் போகாது. கதவு வடக்குப் பார்த்து இருக்கும். திறக்கும்போது வெயில் கருவியில் விழக் கூடாது என்பதற்காக. உள்ளே நான்கு வெப்பமானிகள்: உலர்குமிழ், ஈரக்குமிழ், அதிகபட்சம், குறைந்தபட்சம். படிப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் பத்தில் ஒரு பாகத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் முழு டிகிரி. கிட்டே நிற்கும் ஆளின் மூச்சும் உடம்புச் சூடும் பட்டாலே பாதரசம் நகரத் தொடங்கிவிடும் என்பதால் கடைசி இலக்கத்தை முதலில் பிடித்துவிடுவது. படித்து முடித்ததும் அதிகபட்ச வெப்பமானியைக் காய்ச்சல் பார்க்கும் கருவியை உதறுவதுபோல் உதறி வைக்க வேண்டும்.

ஈரக்குமிழில் மெல்லிய மஸ்லின் துணி சுற்றித் திரிபோட்டுத் தண்ணீரில் விட்டிருப்பார்கள். காற்று உலர்ந்திருந்தால் துணி ஈரம் ஆவியாகி அந்தக் குமிழ் குளிரும். இரண்டு குமிழுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் காற்றின் ஈரப்பதம் கிடைக்கிறது. கோவில்பட்டி வைகாசி வெயிலில் இந்த வித்தியாசம் பெரிதாக நிற்கும். கொடைக்கானல் மூடுபனியில் இரண்டும் ஒன்றாகிவிடும். துணி அழுக்கானால் அளவு பொய். வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு மாநிலத்தின் வானிலை அறிக்கை இப்படி ஒரு முழத் துணியில் தொங்குகிறது.

காற்றின் திசை, வேகம், தெரிவுநிலை, மழைமானி எல்லாம் முடிந்து கடைசியாகக் காற்றழுத்தமானி, சரியாக மணி அடிக்கும் நேரத்துக்கு. கொடைக்கானல் உயரத்தில் அழுத்தம் 770 ஹெக்டாபாஸ்கலை ஒட்டி இருக்கும், கடற்கரையில் 1,010-ஐ ஒட்டி. அதாவது வளிமண்டலத்தில் கால்வாசிக் காற்று அந்த ஊருக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. தண்ணீர் 92 டிகிரிக்கே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். குக்கர் இல்லாத காலத்தில் மலையில் சமைத்தவர்களின் கஷ்டம் தனிக்கதை.

பிறகு இவற்றையெல்லாம் ஐந்தைந்து இலக்கமாகக் குறியீட்டில் மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு காலத்தில் தந்தி, இப்போது கணினி. எழுதாத விதி ஒன்று, எழுதிய விதியும் அதுவே: விட்டுப்போன அளவை யூகித்து நிரப்பக் கூடாது. தூங்கிவிட்டால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். வெளியே பேய்க்காற்று அடிக்கும் ராத்திரி 2.30-க்கு, போன அளவைப் பார்த்து அரை டிகிரி குறைத்து எழுதினால் யாருக்கும் தெரியாது. தெரியாதுதான். முப்பது ஆண்டுச் சராசரி போடும்போது அந்தப் பொய்யும் கூட்டலில் சேர்ந்துகொள்ளும்.

இன்று காலையிலும் மாலையிலும் 5.30 மணிக்குச் சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம் போன்ற இடங்களிலிருந்து பலூன்கள் மேலே போய் மேல்காற்றைச் சொல்லிவிடுகின்றன. செயற்கைக்கோள் மேகத்தைக் காட்டுகிறது. மேல்காற்றுக்கு ஏணியாக இருந்த மலையின் அந்தப் பழைய மதிப்பு குறைந்துவிட்டது. ஆனால் மலைமேல் எத்தனை மழை விழுந்தது என்பதை இன்னும் மலைமேல்தான் அளக்க முடியும்.

95 சென்டிமீட்டர் விழுந்த காலை

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணிப் பட்டியலைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. முந்தைய 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53. மாஞ்சோலையில் 55. கடலோர ஊர் மலையைத் தோற்கடித்த நாள் அது. ஆண்டு முழுக்க 650 மில்லிமீட்டரைச் சுற்றிப் பெய்கிற மாவட்டத்தில் ஒரு ஊரில் ஒரே நாளில் 950.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற வேலையை யோசிக்க வேண்டும். 200 சதுர சென்டிமீட்டர் வாய் கொண்ட மானியில் 95 சென்டிமீட்டர் மழை என்றால் 19 லிட்டர் தண்ணீர். உள்ளே வைக்கும் பெரிய பாட்டிலே 10 லிட்டர்தான் பிடிக்கும். நிரம்பி வழியுமுன் போய் அளந்து, ஊற்றி, குறித்து, மறுபடி வைக்க வேண்டும். தெருவில் வெள்ளம் ஓடும்போது, தன் வீட்டில் தண்ணீர் ஏறும்போது, ஒருவர் அளவுக் குவளையோடு நின்றால்தான் அந்தக் கணக்கு வரலாற்றில் நிற்கும். நிற்காமல் போயிருந்தால் "பயங்கர மழை" என்ற பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். அணை எவ்வளவு தாங்க வேண்டும், பாலம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளருக்குப் பேச்சு உதவாது.

தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் திட்டத்தை எடுத்தது. தானியங்கி தூங்காது, லீவு கேட்காது, கால் மணிக்கொருமுறை எண் தரும். ஆனால் புனலில் சிலந்தி வலை கட்டும், குருவி எச்சமிடும், கரிசல் புழுதி படியும். அடைத்துக்கொண்ட மானி கொட்டுகிற மழையிலும் அமைதியாகப் பூஜ்யம் அனுப்பிக்கொண்டிருக்கும். அதைத் துடைக்க யாராவது ஏணியோ துணியோ எடுத்துக்கொண்டு போயே ஆக வேண்டும். மலைமேல் இருப்பதற்கு இன்னும் கூடுதலாக நடக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவத்தில் ஒரே மேகம் ஒரு ஊரை நனைத்துவிட்டு அடுத்த ஊரைத் தாண்டிப் போவது சாதாரணம். சூரங்குடியில் 30, வைப்பாரில் 4 என்று பட்டியல் வரலாம். நடுவில் இருக்கிற குளத்தூர்க் காட்டில் எத்தனை? முப்பதா, நாலா, பதினேழா? மானிகள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்பதன் அர்த்தம் இதுதான். வறட்சி நிவாரணம், பயிர்ச் சேதம் என்று எந்த மனு எழுதினாலும் அதில் மழையளவு என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் பக்கத்து ஊரின் மழையை எழுதும்போது, பெய்யாத மழை பெய்ததாக ஆகிவிடுவதும் உண்டு.

அதனால் பட்டியல் வந்த பிறகும் குளத்தூர்ச் சம்சாரி அதை முழுசாக நம்பிவிடுவதில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு காட்டுக்கு நடக்கிறார். நாலு இடத்தில் கொத்திப் பார்க்கிறார். மேலே கறுப்பு, அடியில் சாம்பல். ஈரம் எங்கே முடிகிறது என்று விரலை மடக்கி அளக்கிறார். ஒரு சாண் இறங்கியிருந்தால் மாட்டைப் பூட்டலாம், டிராக்டருக்குச் சொல்லலாம். நாலு விரக்கடைதான் என்றால், மேற்கே ஒரு பார்வை, கிழக்கே கடல் பக்கம் ஒரு பார்வை. "இன்னொரு மழ வேணும்" என்று திரும்பி வருகிறார். நாளைக்குப் பட்டியல் வர இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது.